ஷெல் நிரல்களும் தன்னியக்கச் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெரும்பொறிகளையும், பெருஞ்செய்நிரல்களையும், அவற்றை ஆக்கிய நிறுவனங்களையுமே தம் ஆய்வுப் பொருளாகக் கொள்வர். அப்பொறிகளை நாள்தோறும் இயக்குவோர் தம் வேலை எளிதாகும் பொருட்டு எழுதிக்கொள்ளும் சிறு கட்டளைத் தொகுதிகள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயின், கோப்புகளை இரவுதோறும் பிரதி செய்து பாதுகாத்தல், பழைய பதிவுகளை அகற்றுதல், புதிய மென்பொருளைப் பொறியில் நிறுவுதல் முதலான பணிகள் பலவற்றை இத்தகைய சிறு தொகுதிகளே ஆற்றி வருகின்றன. இவை ஷெல் நிரல்கள் எனப்படும்.

ஷெல் என்னும் சொல் ஈழத்து வாசகருக்கு வேறொரு கொடிய பொருளை நினைவூட்டக்கூடும். இங்கு அது ஓடு, மேலுறை என்னும் பொருளிலேயே வழங்குகிறது. கணனியின் உள்ளீட்டை ஓடுபோல் சூழ்ந்து நின்று, பயனாளர் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றுவிக்கும் செய்நிரலே ஷெல் ஆகும். அக்கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அதுவே ஷெல் நிரல்.

பெருஞ்செய்நிரல்களை முறையாகச் சோதித்த பின்னரே வெளியிட வேண்டும் என்னும் கொள்கை 1970களின் இறுதியில் நூல்வடிவம் பெற்றுவிட்டது. ஆனால் ஷெல் நிரல்களுக்கென்று தன்னியக்கச் சோதனைகளை எழுதும் வழக்கம் ஏறத்தாழக் கால்நூற்றாண்டு கழிந்த பின்னரே பரவலாயிற்று. இந்த இடைவெளிக்குக் காரணம் யாது? ஷெல் மொழியின் குறைபாடே காரணம் என்பது பலரது கருத்து. அக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டெனினும், சோதனைக்கு வேண்டிய கருவிகள் தொடக்கத்திலேயே ஷெல்லில் அமைந்திருந்தன என்பதையும், ஷெல் நிரல் எழுதியவனின் பொறியை விட்டு அந்நியர் பொறிகளுக்குப் பயணஞ்செய்யத் தொடங்கியபோதே சோதனையின் தேவை உணரப்பட்டது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஷெல்லின் தோற்றம்

ஒரு கணனியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்து பயன்படுத்துவதற்கான சி.ரி.எஸ்.எஸ். என்னும் முறைமை 1961ஆம் ஆண்டு மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் செய்துகாட்டப்பட்டது. அங்கு பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் லூயி பூசான், அடிக்கடி தட்டச்சிட வேண்டியிருந்த கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அக்கோப்பின் பெயரைக் கூறிய அளவில் அவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும்படி ‘ரன்கொம்’ என்னும் செய்நிரலை 1963–64 காலப்பகுதியில் ஆக்கினார். பின்னர் மல்ரிக்ஸ் என்னும் பெரிய முறைமை திட்டமிடப்பட்டபோது, கட்டளைகளைக் கோத்து இயக்கும் பகுதிக்கு ‘ஷெல்’ எனப் பெயரிட்டவரும் அவரே.

மல்ரிக்ஸ் திட்டத்திலிருந்து பெல் ஆய்வுகூடம் 1969இல் விலகியது. அவ்வாண்டிலேயே அவ்வாய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் யூனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். 1971இல் வெளிவந்த யூனிக்சின் முதற் பதிப்பில் தொம்சன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. அது மிக எளிமையானது. ஒரு நிபந்தனையைச் சரிபார்த்தலும், கோப்பின் வேறோரிடத்துக்குத் தாவுதலும் அந்த ஷெல்லின் உள்ளே அமைந்திருக்கவில்லை. அவை தனித்தனிக் கட்டளைகளாகவே இருந்தன. ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாகச் செலுத்தும் ‘பைப்’ என்னும் இணைப்பு, டக்ளஸ் மக்கிலறோயின் வற்புறுத்தலால் 1973இல் சேர்ந்தது. சிறு கருவிகளை இணைத்துப் பெரிய வேலையைச் செய்விக்கும் மரபு இதன் வழியே உருவாயிற்று.

பெல் ஆய்வுகூடத்தின் மற்றொரு பிரிவில் பணியாற்றிய ஜோன் மாஷி, கட்டளை மொழியை ஓர் உயர்நிலைச் செய்நிரல் மொழியாகப் பயன்படுத்துதல் பற்றி 1976ஆம் ஆண்டு மென்பொருட் பொறியியல் மாநாடொன்றில் கட்டுரை சமர்ப்பித்தார். இது ஈண்டு விசேடமாக நோக்கற்பாலது. ஷெல்லில் எழுதப்படுவனவும் முழுமையான செய்நிரல்களே என்னும் எண்ணம் அக்காலத்திலேயே அறிஞர் மத்தியில் தோன்றிவிட்டது என்பதற்கு இக்கட்டுரை சான்றாகும். எனினும் அவ்வெண்ணத்திலிருந்து இயல்பாகவே பிறக்க வேண்டிய அடுத்த எண்ணம், அதாவது முழுமையான செய்நிரலாயின் அதுவும் சோதிக்கப்படல் வேண்டும் என்பது, உடனடியாகப் பிறக்கவில்லை.

கருவி இருந்தது, வழக்கம் இருக்கவில்லை

1979இல் யூனிக்சின் ஏழாம் பதிப்புடன் ஸ்டீவன் போர்ன் ஆக்கிய ஷெல் வெளியாயிற்று. இன்றுவரை வழங்கும் ஷெல்கள் பலவற்றுக்கு இதுவே மூலமாகும். இதன் அமைப்பில் மூன்று கூறுகள் எமது பொருளுக்கு இன்றியமையாதன.

முதலாவது, முடிவுநிலை எண். யூனிக்சில் ஒவ்வொரு கட்டளையும் முடிவடையும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். பூச்சியமாயின் வெற்றி, வேறெந்த எண்ணாயினும் தோல்வி. வெற்றி ஒருவகையே, தோல்வியோ பலவகை என்னும் நடைமுறை அறிவு இவ்வேற்பாட்டில் அடங்கியுள்ளது. போர்ன் ஷெல்லின் நிபந்தனைகளும் சுழல்களும் இவ்வெண்ணை நோக்கியே இயங்குவன. சோதனை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையே தாங்கிய ‘டெஸ்ற்’ என்னும் கட்டளையும் அதே பதிப்பில் இடம்பெற்றது. கோப்பொன்று உள்ளதா, இரு சொற்கள் ஒத்தனவா என்பவற்றைப் பார்த்து, விடையை முடிவுநிலை எண்ணாகத் தருவதே அதன் தொழில்.

இரண்டாவது, கட்டளைகளைத் தேடும் ஒழுங்கு. ஒரு கட்டளையின் பெயர் கூறப்பட்டதும் ஷெல் அதனை ‘பாத்’ என்னும் மாறியிற் குறிக்கப்பட்ட கோப்புறைகளில் வரிசைப்படி தேடும். முதலிற் கிடைப்பதையே இயக்கும். ஆகவே உண்மைக் கட்டளைக்குப் பதிலாக, அதே பெயருடைய போலிக் கட்டளையொன்றை வரிசையின் முன்னே வைத்துவிட்டால், நிரலில் ஓரெழுத்தையும் மாற்றாமலே அதன் நடத்தையை ஆபத்தின்றி அவதானிக்கலாம்.

மூன்றாவது, ஷெல்லின் காவல் ஏற்பாடுகள். ஒரு கட்டளை தோல்வியுற்றவுடன் நிரலை நிறுத்துதல், மதிப்பிடப்படாத மாறியை வழுவாகக் கொள்ளுதல், நிறைவேற்றும் ஒவ்வொரு கட்டளையையும் திரையிற் காட்டுதல் ஆகிய விருப்பத்தெரிவுகள் போர்ன் ஷெல்லில் இருந்தன. இவற்றுடன், இரு கோப்புகளின் வேறுபாட்டை வரிவரியாகக் காட்டும் ‘டிவ்’ கட்டளை 1974ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலிருந்தே கிடைத்தது. எதிர்பார்க்கும் வெளியீட்டை ஒரு கோப்பிலும், நிரல் தரும் வெளியீட்டை மற்றொரு கோப்பிலும் எழுதி இரண்டையும் ஒப்பிட்டால் அதுவே ஒரு தன்னியக்கச் சோதனை.

சோதனை பற்றிய சிந்தனைக்கும் அக்காலத்திற் குறைவிருக்கவில்லை. 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரிலும் 1969இல் உரோமிலும் நேட்டோ ஆதரவில் நடைபெற்ற மாநாடுகள் மென்பொருள் ஆக்கத்தைப் பொறியியற் கண்கொண்டு நோக்கின. சோதனையால் வழு உண்டென்பதை நிறுவலாம், இல்லையென்பதை நிறுவ முடியாது என்னும் கருத்தை டைக்ஸ்ட்ரா முன்வைத்தது உரோம் மாநாட்டிலாகும். கிளென்போர்ட் மயர்ஸ் மென்பொருட் சோதனைக் கலை பற்றி எழுதிய நூல் போர்ன் ஷெல் வெளிவந்த அதே 1979இல் வெளிவந்தது. கருவியும் கொள்கையும் ஒரே ஆண்டில் அருகருகே நின்றன எனலாம். ஆயினும் அவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

ஷெல் மொழி வளர்ச்சி குன்றியிருந்தமையே இதற்குக் காரணம் என வாதிடுவோர், பெயரிட்டு மீள அழைக்கக்கூடிய செயற்கூறுகள் போர்ன் ஷெல்லில் 1984ஆம் ஆண்டளவிலேயே சேர்க்கப்பட்டன என்பதைச் சுட்டுவர். நிரலைச் சிறுகூறுகளாகப் பிரிக்க இயலாதபோது கூறு கூறாகச் சோதிப்பதும் இயலாது என்பது உண்மையே. ஷெல் நிரலின் தொழில் பெரும்பாலும் ஒரு விடையைக் கணித்தல் அன்று. கோப்புகளை ஆக்கலும் நகர்த்தலும் அழித்தலும் ஆகும். எனவே அதனைச் சோதிப்பது, எண்களைக் கூட்டும் செய்நிரலொன்றைச் சோதிப்பதிலும் கடினமானது. இவை புறக்கணிக்கத்தக்க நியாயங்களல்ல. ஆனால் செயற்கூறுகள் வந்த பின்னரும் சோதனை வழக்கம் வரவில்லை என்பதை இவ்வாதம் விளக்கவில்லை.

உண்மைக் காரணம் ஷெல் நிரலுக்கு வழங்கப்பட்ட மதிப்பிலே தங்கியுள்ளது. அதனை எழுதியவனே இயக்கினான். பிழை நேர்ந்தால் அவனே கண்டு திருத்தினான். நிரலின் ஒழுங்கு எழுதியவனின் நினைவிலே இருந்தது. தன் கைக்கெனச் செய்துகொண்ட கருவிக்கு எவரும் உத்தரவாதப் பத்திரம் எழுதுவதில்லை.

அந்நியப் பொறியும் சோதனையின் தேவையும்

1980களில் நிலைமை மாறத் தொடங்கியது. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் வெவ்வேறு வகையான யூனிக்சுகளைப் பயன்படுத்தின. ஓரிடத்தில் எழுதப்பட்ட மென்பொருள் வலையமைப்பின் வழியாகப் பலவிடங்களுக்குப் பரவியது. எழுதியவர் ஒருபோதும் கண்டிராத பொறியில் அது நிறுவப்படல் வேண்டும். இத்தேவைக்கு ஷெல் நிரலே விடையாயிற்று. லறி வோல் 1984இல் வெளியிட்ட ‘ஆர்.என்.’ என்னும் செய்தி வாசிப்புச் செய்நிரலுடன் ஒரு ஷெல் நிரலும் சென்றது. அது செல்லுமிடத்துப் பொறியின் இயல்புகளை ஒவ்வொன்றாக விசாரித்தறிந்து, மென்பொருளை அதற்கேற்ப அமைத்துக்கொண்டது. 1991இல் டேவிட் மக்கென்சி தொடங்கிய ‘ஓட்டோகொன்ப்’ இவ்விசாரணை நிரல்களைத் தானே ஆக்கித்தரும் கருவியாகும். இங்கு சோதிக்கப்பட்டது நிரலன்று, பொறியே. எனினும் ஒரு சிறு முயற்சியைச் செய்து பார்த்து, முடிவுநிலை எண்ணைக் கொண்டு தீர்மானிக்கும் பழக்கம் ஷெல் எழுதுவோரிடையே இதன்வழி ஊன்றியது.

1987 டிசம்பரில் லறி வோல் பேர்ள் மொழியை வெளியிட்டபோது அதனுடன் ஒரு சோதனைத் தொகுதியையும் சேர்த்தனுப்பினார். அந்நியப் பொறியில் அதனை நிறுவியவர் சோதனைகளை இயக்கிப் பார்த்து, மொழி அங்கு செவ்வனே இயங்குவதைத் தாமே உறுதி செய்துகொள்ளலாம். அச்சோதனைகளின் வெளியீட்டு முறை மிக எளியது. எத்தனை சோதனைகள் என்பதை ஒரு வரி கூறும். பின்னர் ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ அல்லது ‘சரியன்று’ எனப் பொருள்படும் சொல்லும் வரிசை எண்ணும் அச்சிடப்படும். ‘ரப்’ எனப் பின்னாளிற் பெயர் பெற்ற இவ்வமைப்பை எம்மொழியாலும் அச்சிடலாம், ஷெல்லாலும் அச்சிடலாம். எளிய வழக்கமொன்று மொழிகளின் எல்லையைக் கடந்து பரவியமைக்கு இது நல்லதோர் உதாரணம்.

1992இல் ஷெல்லும் அதன் துணைக் கட்டளைகளும் ‘பொசிக்ஸ்’ என்னும் நியமத்தினுள் கொண்டுவரப்பட்டன. எது சரியான நடத்தை என்பதற்கு எழுத்து வடிவிலான அளவுகோல் கிடைத்தது. ஆயினும் நியமம் எழுதப்பட்டதால் மட்டும் வழக்கம் மாறிவிடுவதில்லை. 1989இல் பிறயன் பொக்ஸ் ஆக்கிய ‘பாஷ்’ ஷெல் லினக்ஸ் முறைமைகளிற் பெருவழக்காயிற்று. நியமத்திலில்லாத அதன் வசதிகளை நம்பியே பலர் நிரல்களை எழுதினர். 2006 அக்டோபரில் உபுன்ரு தன் 6.10 பதிப்பில் பொது ஷெல்லாக ‘டாஷ்’ என்னும் சிறிய, விரைவான ஷெல்லை அமர்த்தியதும் அத்தகைய நிரல்கள் பல செயலிழந்தன. நேற்றுவரை இயங்கிய நிரல் இன்று இயங்கவில்லை. அதில் ஓரெழுத்தும் மாறவில்லை. எழுதியவனின் சொந்தப் பொறியே அவனுக்கு அந்நியப் பொறியாகிவிடலாம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

சோதனைச் சட்டகங்களின் எழுச்சி

இதற்கிடையில் செய்நிரல் எழுதுவோரே சோதனையையும் எழுத வேண்டும் என்னும் இயக்கம் வேறொரு துறையில் வலுப்பெற்றது. கென்ற் பெக் ஸ்மோல்ரோக் மொழிக்கென ஆக்கிய சோதனைச் சட்டகம் பற்றி 1994இல் எழுதினார். 1997இல் அவரும் எரிக் காமாவும் சேர்ந்து ஜாவா மொழிக்கு ‘ஜேயுனிற்’ சட்டகத்தை ஆக்கினர். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னே களத்தை அமைத்தல், செயலை இயக்குதல், விளைவை எதிர்பார்ப்புடன் ஒப்பிடல், பின்னே களத்தைத் துப்புரவாக்கல் என்னும் நான்கு படிகள் இதனாற் பொதுவழக்காயின. இம்மாதிரியைப் பின்பற்றி ஷெல்லுக்கென ‘ஷெல்யுனிற்2’ எழுதப்பட்டது.

ஆயினும் ஷெல்லில் சோதனை எழுதுவதன் ஆற்றலைப் பெருமளவிற் காட்டியது ‘கிற்’ என்னும் மென்பொருளே. 2005 ஏப்ரலில் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய இதன் பொறுப்பை அவ்வாண்டிலேயே ஜூனியோ ஹமானோ ஏற்றார். தொடக்க காலத்தில் கிற்றின் கட்டளைகள் பல ஷெல் நிரல்களாகவே இருந்தன. அவற்றைச் சோதிக்கும் தொகுதியும் ஷெல்லிலேயே எழுதப்பட்டது. ஒவ்வொரு சோதனைக் கோப்பும் தனக்கெனக் குப்பைக் கோப்புறையொன்றை ஆக்கிக்கொண்டு அதனுள்ளேயே இயங்கும். சோதனை யாது செய்தாலும் பயனாளரின் உண்மைக் கோப்புகள் தீண்டப்படா. உலகெங்கும் பரந்திருந்த, ஒருவரையொருவர் நேரிற் காணாத பங்களிப்பாளர்கள் ஒரே மென்பொருளில் வேலை செய்ய இச்சோதனைத் தொகுதி பொதுச்சாட்சியாக நின்றது. நினைவில் இருந்த ஒழுங்கு எழுத்தில் வந்தது.

2011இல் சாம் ஸ்டீபன்சன் வெளியிட்ட ‘பற்ஸ்’, பாஷ் ஷெல்லில் சோதனை எழுதுவதைச் சாதாரண வாக்கியம் எழுதுவது போல எளிதாக்கியது. சோதனைக்கு ஒரு பெயர். அதனுள்ளே வழக்கமான ஷெல் கட்டளைகள். அவற்றுள் ஒன்று தோல்வியுறின் சோதனை தோல்வி. 1979இன் முடிவுநிலை எண்ணும் 1987இன் வெளியீட்டு முறையும் இக்கருவியில் ஒன்றுசேர்ந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. 2017 முதல் இதன் வளர்ச்சியைப் ‘பற்ஸ்-கோர்’ என்னும் கிளைத்திட்டம் மேற்கொண்டது. 2012இல் வீடார் ஹோலென் தொடங்கிய ‘ஷெல்செக்’, நிரலை இயக்காமலே வாசித்து அதிலுள்ள ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டும் மற்றொரு வகைக் கருவியாகும்.

நட்டம் எவர்க்கு?

சோதனையின்மையால் விளையும் கேடு எத்தகையது என்பதை அறிய இரு நிகழ்ச்சிகள் போதும். 2011இல் ‘பம்பிள்பீ’ என்னும் இலவச மென்பொருளின் நிறுவல் நிரலில், அழிக்க வேண்டிய கோப்புறையின் முகவரி நடுவே ஓர் இடைவெளி தவறுதலாக விழுந்திருந்தது. ஒரு முகவரி இரண்டாக உடைந்தது. அதன் முற்பாதி, முறைமையின் செய்நிரல்கள் யாவும் தங்கும் ‘யூ.எஸ்.ஆர்.’ என்னும் பெருங்கோப்புறையைக் குறித்தது. நிரலை நம்பி இயக்கியோரின் பொறிகளில் அக்கோப்புறை அழிந்தது.

2015 ஜனவரியில் வெளிப்பட்ட மற்றொரு நிகழ்ச்சி வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ மென்பொருளின் லினக்ஸ் பதிப்பைச் சார்ந்தது. அதன் தொடக்க நிரல், தான் நிறுவப்பட்டுள்ள கோப்புறையின் முகவரியை ஒரு மாறியில் இட்டு, அம்முகவரியின் கீழுள்ள யாவற்றையும் அழிக்கும் வரியொன்றைக் கொண்டிருந்தது. கோப்புறை இடம் மாற்றப்பட்டிருந்த ஒரு சூழலில் அம்மாறி வெறுமையாயிற்று. வெறுமைக்குப் பின்னே நின்ற சாய்கோடு முழுப் பொறியின் மூலக் கோப்புறையைக் குறித்தது. பயனாளருக்கு அழிக்கும் உரிமையுள்ள கோப்புகள் யாவும், இணைத்திருந்த புறவட்டில் இருந்தவை உட்பட, அழிந்தன. அவ்வரிக்கு மேலே, இது அச்சந்தருவது என்னும் கருத்துப்பட எழுதியவரே குறிப்பொன்றை இட்டிருந்தார். அச்சம் இருந்தது, அதைச் சோதனையாக மாற்றும் வழக்கம் இருக்கவில்லை.

இந்நிரலுக்கு ஒரு சோதனை எவ்வாறு அமைந்திருக்கும்? தற்காலிகக் கோப்புறையொன்றை ஆக்குக. அழிக்கும் கட்டளையின் பெயரில், எதையும் அழியாமல் தனக்குத் தரப்பட்ட முகவரிகளைப் பதிவேட்டில் எழுதும் போலிக் கட்டளையொன்றைத் தேடல் வரிசையின் முன்னே வைக்க. நிறுவற் கோப்புறை இல்லாத நிலையில் நிரலை இயக்குக. பின்னர் பதிவேட்டில் தற்காலிகக் கோப்புறைக்கு வெளியேயுள்ள முகவரி ஏதும் உண்டாவெனப் பார்க்க. உண்டாயின் சோதனை தோல்வி. இதற்குச் சில வரிகளே வேண்டும். இதற்கான வசதிகளும் 1979 முதல் இருந்தவையே. மாறி வெறுமையாயின் வேலையை நிறுத்துக எனக் கூறும் குறியீடும் 1992ஆம் ஆண்டு நியமத்திலே இடம்பெற்றிருந்தது. எழுதியவர் பொறியில் நிரல் நன்றாகவே இயங்கியது. நட்டமடைந்தவர் அதனை எழுதாதவரும், ஒருபோதும் வாசித்திராதவரும் ஆவர்.

சோதனையின் வரம்பு

சோதனை எல்லாவற்றையும் தீர்க்கும் எனக் கொள்வதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. 2014 செப்டெம்பரில் வெளியான ‘ஷெல்ஷொக்’ என்னும் குறைபாட்டை ஸ்டீபான் சசெலாஸ் கண்டறிந்தார். சூழல் மாறிகள் வழியே வரும் செயற்கூறு வரைவின் பின்னே ஒட்டப்பட்ட கட்டளையையும் பாஷ் நிறைவேற்றிவிடும் என்பதே அக்குறைபாடு. அது 1989 முதலே இருந்து வந்தது. பாஷ் ஷெல்லுக்குச் சோதனைத் தொகுதி இல்லாமலில்லை. ஆயின் அவ்வினாவை எச்சோதனையும் கேட்கவில்லை. கேட்கப்பட்ட வினாவுக்கே சோதனை விடை தரும் என்பதால், உரோம் மாநாட்டில் டைக்ஸ்ட்ரா கூறியது ஷெல்லுக்கும் பொருந்துகிறது. அவ்வாறே, போலிக் கட்டளை உண்மைக் கட்டளையைப் போல நடக்காதவிடத்துச் சோதனையும் பொய்ச்சாட்சி கூறும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஷெல் நிரல்களுக்கான தன்னியக்கச் சோதனை புதிய கண்டுபிடிப்பொன்றின் விளைவாகத் தோன்றவில்லை என்பது புலனாகும். முடிவுநிலை எண், தேடல் வரிசை, ஒப்பீட்டுக் கட்டளை ஆகிய யாவும் 1979அளவிற் கைவசம் இருந்தன. மாறியது நிரலின் சமூக நிலையே. எழுதியவனும் இயக்குபவனும் ஒருவனாக இருந்த காலத்தில் சோதனை வீண்வேலையாகத் தோன்றியது. எழுதுபவர் வேறு, நட்டமடைபவர் வேறு என்னும் நிலை வந்தபின் அது கடமையாயிற்று. ஒரு நிரலைச் சிறியதெனக் கருதுவோர் பெரும்பாலும் அதன் வரிகளையே எண்ணுகின்றனர். ஓர் இடைவெளியாலும் ஒரு வெறுமையான மாறியாலும் நேர்ந்த அழிவுகளோ, அந்நிரல் எத்தனை பேரின் பொறிகளில் இயங்குகின்றது என்பதே அதற்குரிய அளவு என்பதைக் காட்டுகின்றன.